முகத்தைப் பார்க்காதை, போக்கசைப் பார்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாக் காலம். ஆனி மாதத்துச் சோளகக் காற்று ஊதித் தள்ளியது. குறிகட்டுவான் இறங்குதுறையில் கால் வைக்க இடமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த 776ஆம் இலக்க பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சனத்தை இறக்கிக்கொண்டிருந்தன. நயினாதீவுப் படகுகளுக்கான வரிசை வளைந்து வளைந்து கடைகள் வரை வந்துவிட்டது. அந்த நேரம் நெடுந்தீவுப் பக்கமிருந்து ஒரு படகு வேகமாக வந்து பாலத்தடியில் அணைந்தது. உள்ளே ஸ்ரெச்சரில் ஒரு மனிதர். பனையால் விழுந்தவர் என்றார்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் பின்கதவைத் திறந்துவைத்துக் காத்து நின்றது.

அவரைத் தூக்கி ஏற்றுவதற்குள் இருபது முப்பது கைத்தொலைபேசிகள் உயர்ந்துவிட்டன. அம்புலன்சில் வந்த பெடியன் ஒரு கையால் ஸ்ரெச்சரைப் பிடித்தபடி, மற்றக் கையில் இருந்த மட்டையைக் காயப்பட்டவரின் முகத்துக்கு நேரே குடைபோலப் பிடித்தான். "எடுக்காதேங்கோ அண்ணை, வழி விடுங்கோ" என்றான். யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்தச் சனத்தின்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் தாமாக அசைந்ததுதான் எனக்குத் தெரிந்தது. பிலிம் றோலை அடுத்த படத்துக்குத் திருகுகிற விரல்கள் அவை. கடை பூட்டி எத்தனையோ வருடமாகியும் அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

வேலணை வங்களாவடிச் சந்தியில் இருந்த ஒரு ஸ்ரூடியோவில்தான் நான் தொழில் பழகினேன். முதலாளியை ஐயா என்போம். அடையாள அட்டைப் படம், கல்யாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு இவைதான் பிழைப்பு. இவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் மற்ற வேலை. தீவுப் பகுதியில் எங்காவது விபத்து, கிணற்றுச் சாவு, கடலில் ஒதுங்கிய பிரேதம் என்றால் பொலிஸ்காரர் ஒருவர் கடைவாசலில் வந்து நிற்பார். பொலிசின் சொந்தப் படப்பிடிப்பாளர் பட்டணத்திலிருந்து வந்துசேரப் பொழுது சாய்ந்துவிடும். கொறனர் வந்து மரண விசாரணையை முடிக்கும்வரை எதையும் அசைக்கக்கூடாது. ஆகவே கிட்டடியில் இருக்கிற படக்காரனைக் கூப்பிடுவார்கள். காசு எப்போதோ வரும், வராமலும் போகும். ஐயா ஒருநாளும் மறுத்ததில்லை. "உது காசுக்குச் செய்யிற வேலையில்லை" என்பார். பிறகு எதற்குச் செய்கிற வேலை என்று அவர் சொன்னதுமில்லை.

அப்போது எங்களிடம் இருந்தது யாஷிக்கா, இரட்டை லென்ஸ்காரன். அந்தக் கமெராவைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மேலேயிருந்து குனிந்து பார்க்கவேண்டும். கண்ணாடியில் விழுகிற காட்சி இடம்வலம் மாறித் தெரியும். வலக்கை இடக்கையாக, இடப்பக்கக் காயம் வலப்பக்கமாக. நான் முதல்முதலாக ஒரு விபத்து இடத்தில் அந்தக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தபோது ஐயா காதுக்குள் சொன்னது இதுதான்: "முகத்தைப் பார்க்காதை தம்பி, போக்கசைப் பார்."

அது தொழிலுக்கான புத்திமதி என்றுதான் அன்று நினைத்தேன். உயிர் பிழைக்கிற வழியும் அதற்குள் இருந்தது. குனிந்த தலையோடு தூரத்தை அளந்து, ஒளியைக் கணித்து, குமிழைத் திருகுகிற வரைக்கும் முன்னால் கிடப்பது ஒரு மனிதர் என்பது மனதுக்கு எட்டாது. கண்ணாடிக்குள் எல்லாம் சிறியதாக, சத்தமில்லாமல், மாறிக் கிடக்கும். கமெராவை மூடித் தலையை நிமிர்த்துகிற அந்தக் கணத்துக்குத்தான் நான் பயந்தேன்.

ஐயாவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு றோலில் பன்னிரண்டு படம். முதலாவது, இடம் முழுவதும் தெரிய, ஒரு கட்டையோ மரமோ மதகோ அடையாளமாக விழவேண்டும். பிறகு வாகனம், ரயர் இழுபட்ட தடம். தடத்துக்குப் பக்கத்தில் அளவு தெரிவதற்கு ஒரு நெருப்புப்பெட்டி. பிரேதம் என்றால் பக்கவாட்டில் முழு உருவம், முகம், உடுப்பு, மச்சம் தழும்பு ஏதும் இருந்தால் அதுவும். ஆளடையாளம் தெரியாதவரானால் சிலேற்றில் சோக்கால் இலக்கம் எழுதிப் பக்கத்தில் வைப்பார். சுனாமிக்குப் பிறகு, 2006இல், பேரிடரில் இறந்தவர்களைக் கையாளுவது பற்றி உலகச் சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு கைநூல் வெளியிட்டார்கள். அதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. முழு உருவம், முகம், உடுப்பு, அடையாளங்கள், ஒவ்வொரு படத்திலும் இலக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட ஐயா, வங்களாவடியில் நெருப்புப்பெட்டியோடும் சிலேற்றோடும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கிற வாணர் தாம்போதியில் நடந்த ஒரு விபத்து இன்னும் நினைவில் இருக்கிறது. கோயிலுக்குப் போய்த் திரும்பிய வான் ஒன்று காற்றோடு காற்றாகக் கடலுக்குள் இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் கடல் என்றாலும் அங்கே முழங்கால் தண்ணீர்தான். அந்த முழங்கால் தண்ணீரில்தான் ஆட்கள் செத்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இறால் பிடிக்க வந்தவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோரையும் ரோட்டில் கிடத்தியிருந்தார்கள். யாரோ தேத்தண்ணிக் கடையிலிருந்து சோடாப் போத்தல்கள் கொண்டுவந்திருந்தார். யாரோ வீட்டிலிருந்து வேட்டிகள் எடுத்துவந்து மூடியிருந்தார். எங்கள் பக்கத்தில் எந்த விபத்தானாலும் எங்கிருந்தோ ஒரு வெள்ளை வேட்டி வந்துவிடும். கொண்டுவந்தவர் யாரென்று ஒருநாளும் தெரியவராது. பிறகு அதைத் திருப்பிக் கேட்கவும் மாட்டார்.

அந்த வேட்டியை விலக்கச் சொல்லிக் கேட்கிறவன் படக்காரன். இதுதான் இந்த வேலையில் மிகவும் கடினமான இடம். தூக்கியவன் நல்லவன், சோடா கொடுத்தவன் நல்லவன், மூடியவன் புண்ணியவான். மூடியதைத் திறக்கச் சொல்கிறவன் யார்? "உனக்கு ஈவிரக்கம் இல்லையோடா?" என்று ஒரு கிழவி என்னைப் பார்த்துக் கேட்டார். ஐயா அவருக்கு முன்னால் போய்க் கும்பிட்டுக்கொண்டு, "ஆச்சி, நாளைக்கு வழக்கெண்டு வந்தா இதுதான் பேசும். கொஞ்சம் பொறுங்கோ" என்றார். ஆச்சியே குனிந்து வேட்டியின் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். படம் எடுத்து முடித்ததும் தானே இழுத்து மூடினார். அந்தப் படத்தின் ஓரத்தில் ஆச்சியின் கை விழுந்துவிட்டது. நீதிமன்றத்துக்குக் கொடுக்கிற பிரதியில் ஐயா அதை வெட்டவில்லை.

எடுத்த பிலிமைக் கழுவுவது என் வேலை. பிலிம் கழுவும்போது சிவப்பு வெளிச்சம்கூட ஆகாது, கும்மிருட்டு. பிறின்ற் போடும்போதுதான் சிவப்பு பல்ப். டெவலப்பர் தட்டில் வெள்ளைக் கடதாசியை அமிழ்த்தி ஆட்டினால் முதலில் கறுப்பான இடங்கள் வரும், தலைமயிர், நிழல், ரயர். முகம் கடைசியில்தான் தெளியும். விபத்து இடத்தில் அரை மணித்தியாலம் பார்க்காமல் தப்பிய முகத்தை இங்கே பார்த்தே ஆகவேண்டும். அது சரியாக வந்துவிட்டதா என்று பார்ப்பதுதானே வேலை.

நல்லகாரியத்துக்கு எடுத்த றோலில் சாவைச் சேர்க்கக்கூடாது என்பது ஐயாவின் கண்டிப்பு. ஆனால் பிலிமுக்குத் தட்டுப்பாடான காலத்தில் கண்டிப்பு எங்கே நிற்கும்? ஒருமுறை சாமத்தியவீடு ஒன்றில் எட்டுப் படம் எடுத்த றோல் கமெராவுக்குள் இருக்க, பொலிஸ் ஜீப் வந்துவிட்டது. மிச்சம் நாலையும் ஐயா அங்கே எடுத்தார். கழுவித் தொங்கவிட்டபோது ஒரே நாடாவில் மேலே ஆலாத்தி எடுக்கிற பெண்கள், பூத்தட்டு, வெட்கத்தில் தலைகுனிந்த பிள்ளை. கீழே நாலு கட்டத்தில் அது. ஐயா ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோலை எடுத்து வெட்டினார். சாமத்தியவீட்டுக்காரருக்கு அது தெரியாது. அந்தப் பிள்ளை இன்று சுவிசில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். ஊருக்கு வந்தபோது சட்டம் போட்ட அந்தப் படத்தைக் காட்டி, "நீங்கள் எடுத்ததுதானே அண்ணை" என்று கேட்டார். ஓமென்று சொன்னேன். எட்டாவது படம் அது. ஒன்பதாவது என் மனதுக்குள் ஓடியதை அவருக்குச் சொல்ல முடியுமா?

அப்படியான நாட்களில் ஐயா கழுவிய மருந்துத் தண்ணீரைத் திரும்பப் பாவிக்கமாட்டார். ஹைப்போ என்ன விலை விற்றாலும் சரி, வேலிக்கு வெளியே கொண்டுபோய் ஊற்றுவார். பிறகு கிணற்றடியில் தலையில் வார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார். செத்தவீட்டுக்குப் போய்வந்தவர் குளிப்பது போலத்தான். எங்களுக்கு இருந்த வைத்தியம் அந்தக் குளிப்பும், ஒரு சுடுதேத்தண்ணியும், அதிகம் பேசாமல் இருப்பதும்தான். குடித்தவர்களும் உண்டு. பிரேதம் தூக்க வருகிற இரண்டு பேர் கள்ளுக்கொட்டிலைத் தாண்டாமல் வரவே மாட்டார்கள். ஊர் அவர்களைக் குடிகாரர் என்றது. குடியில்லாமல் அந்த வேலையை அவர்கள் ஒருநாள் செய்து பார்த்திருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்குமோ.

எனக்கு வேறுவிதமாக வந்தது. கல்யாணவீட்டுக் குழுப்படங்களில் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுவது சாதாரணம். வேறு படக்காரர்களுக்கு அது தலையிடி, இன்னொரு பிலிம் செலவு. எனக்கு அந்த மூடிய கண்ணை நெகட்டிவில் கண்டதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த ஆள் மறுநாள் கடைக்கு வந்து காசு கொடுத்துப் படம் வாங்கிக்கொண்டு போகும்வரை அடங்காது. இதை நான் ஐயாவிடமும் சொல்லவில்லை, என் மனுசியிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அது ஒரு வருத்தமாக எனக்கே படவில்லை.

1983 ஜூனில் அவசரகால விதி 15ஏ வந்தது. பிரேத பரிசோதனையோ மரண விசாரணையோ இல்லாமல் படையினர் பிரேதங்களைப் புதைக்கலாம், எரிக்கலாம் என்றது. ஜீப் எங்கள் கடைவாசலுக்கு வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. படம் எடுக்கச் சொல்லிக் கேட்க யாருமில்லாத காலம்தான் படம் மிகவும் தேவைப்பட்ட காலம். இது அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

1985 மே 15 காலை நெடுந்தீவு மாவிலித்துறையிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. ஏறியவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். பெண்கள், குழந்தைகள், அரசாங்க உத்தியோகத்தர்கள் என்று படகில் இருந்தவர்கள் வெட்டப்பட்டார்கள். குறைந்தது 23 பேர் என்றது சர்வதேச மன்னிப்புச்சபை. நெடுந்தீவில் ஆண்டுதோறும் நினைவுகூருகிறவர்கள் 36 என்பார்கள். முதல் நாள்தான் அனுராதபுரத்தில் விடுதலைப் புலிகள் 146 பொதுமக்களைக் கொன்றிருந்தார்கள். அந்த 146 பேருக்கும் குமுதினியில் இருந்த கைக்குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. குமுதினிக்காக யாரும் தண்டிக்கப்படவுமில்லை.

அன்று நான் துறையில் இருக்கவில்லை. அந்தப் படங்களை நான் எடுக்கவும் இல்லை, கழுவவும் இல்லை. என்னிடம் வந்தது வேறு. சில நாட்கள் கழித்து ஒரு தகப்பன் கடைக்கு வந்தார். மகள் எங்களிடம் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவளாம். நெகட்டிவ் இருக்குமா என்று கேட்டார். அந்தியேட்டிக் கல்வெட்டில் போடுவதற்கு அவளது படம் வேறொன்றும் வீட்டில் இல்லை. அவரைத் தொடர்ந்து இன்னும் சிலர் வந்தார்கள். நாங்கள் பழைய பெட்டிகளைக் கொட்டித் தேடினோம். அகப்பட்டவற்றைப் பெரிதாக்கினோம்.

செத்தவர்களின் படங்களை எத்தனையோ இரவுகள் கழுவியும் நடுங்காத கை அன்றுதான் நடுங்கியது. தட்டில் தலைமயிர் வந்தது, சட்டைக் கழுத்து வந்தது, பிறகு முகம். அடையாள அட்டைக்கென்று சிரிக்காமல் நேரே பார்த்துக்கொண்டிருக்கிற முகம். "கொஞ்சம் நாடியை உயர்த்துங்கோ" என்று நான்தான் சொல்லியிருப்பேன். விபத்துப் படத்தில் கிடப்பவர் யாரோ. இங்கே இருப்பவள் நான் சொன்னதைக் கேட்டு நாடியை உயர்த்தியவள். அன்று ஐயா என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு மிச்சத்தைத் தானே செய்தார். கிணற்றடியில் அவர் குளித்து முடிக்க நெடுநேரமாயிற்று.

குமுதினியைப் பழுதுபார்த்துத் திரும்ப ஓடவிட்டார்கள். பல பத்தாண்டுகள் அது ஓடியது. நெடுந்தீவாருக்கு வேறு என்ன வழி? நானும் பலமுறை போயிருக்கிறேன். அந்தக் கடலில் படகு ஓட்டிய ஒருவர் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் "எங்கை போறியள்? ஆற்றை வீட்டை?" என்று கேட்பார். அலட்டல்காரன் என்று பெடியள் பகிடி பண்ணுவார்கள். ஒருநாள் அவரே சொன்னார்: "ஏதும் நடந்தா ஆருக்குப் போய்ச் சொல்லுறதெண்டு தெரியவேணும் தம்பி. அண்டைக்கு எங்களுக்குக் கனபேரின்ரை வீடு தெரியேல்லை." அவர் குமுதினி நாளன்று காயக்காரரைத் தூக்கியவர்களில் ஒருவர். அதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை.

அமெரிக்க மனநல வைத்தியர்கள் மனதில் இப்படித் தங்கிவிடுகிறவற்றுக்கெல்லாம் 1980இலேயே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யுத்தம் மனதில் விட்ட வடுக்களைப் பற்றி விரிவாக எழுதினார். சாந்திகம் என்ற நிறுவனம் ஆற்றுப்படுத்தலைத் தொடங்கியது. சோமசுந்தரத்தின் எழுத்துகளைப் பிற்காலத்தில் படித்தபோது, ஒப்பாரியையும் சடங்குகளையும் குணமாக்குகிற வழிகளாக அவர் மதித்திருப்பதைக் கண்டேன். ஐயாவின் கிணற்றடிக் குளிப்பு எனக்கு அப்போது வேறுவிதமாகத் தெரிந்தது. ஆனால் சொந்தக்காரருக்கு ஒப்பாரி உண்டு, எட்டு உண்டு, அந்தியேட்டி உண்டு. தூக்கியவனுக்கும் படம் எடுத்தவனுக்கும் எந்த நாளில் எந்தச் சடங்கு?

1990இல் பொருளாதாரத் தடை. பற்றரி வருவது நின்றதும் பிளாஷ் செத்தது. 1991இல் இராணுவம் தீவுகளைப் பிடித்தபோது சனத்தோடு சனமாகப் பண்ணைக் கடலைக் கடந்தோம். ஐயா கமெராவைத் தூக்கினார், நான் நெகட்டிவ்களில் கைக்கு அகப்பட்டதை இரண்டு பிஸ்கற் ரின்னுக்குள் அடைத்துக்கொண்டேன். 1995 இடப்பெயர்வில் ஐயா தென்மராட்சியில் காலமானார். செத்தவீட்டில் படம் எடுக்க என்னிடம் பிலிம் இருக்கவில்லை.

சுனாமியின்போது வடமராட்சி கிழக்குப் பக்கம் போனேன். தோளில் இரவல் டிஜிற்றல் கமெரா. இருட்டறை இல்லை, கழுவல் இல்லை. அமத்தின உடனே பின்பக்கத்தில் முகம் வந்துவிடுகிறது. பிள்ளையைத் தேடி வந்த தாய் என் தோளுக்கு மேலால் அந்தச் சிறிய திரையைப் பார்க்கிறார். பழைய நாளில் எடுப்பதற்கும் பார்ப்பதற்கும் இடையில் ஓர் இரவு இருந்தது. அந்த இரவு எங்களைக் காப்பாற்றியது என்று சொல்லமாட்டேன். ஆனால் அது போனபிறகு நான் அதிக நாள் தாங்கவில்லை. அதற்குப் பிறகு அடையாள அட்டைப் படத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

1990 அம்புலன்ஸ் வடக்குக்கு வந்தது 2018 ஜூலையில். அதில் வேலைசெய்கிற பெடியன் ஒருவனோடு பிறகொருநாள் தேத்தண்ணிக் கடையில் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு கேஸ் முடிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "வாகனத்தைக் கழுவுவம் அங்கிள். கழுவி முடிய அடுத்த கோல் வந்திடும்" என்றான். கழுவிய பிறகு நீ குளிப்பாயோ என்று கேட்டேன். விளங்காமல் பார்த்தான். ஐயாவின் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. அடுத்த தேத்தண்ணிக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

இப்போது அந்த இரண்டு ரின்களும்தான் என் வேலை. பாதி நெகட்டிவ்கள் ஒட்டிப் பிடித்துவிட்டன, வினாகிரி மணம் அடிக்கிறது. கனடாவிலிருந்தும் பாரிசிலிருந்தும் "அண்ணை, அம்மாவின்ரை நெகட்டிவ் இருக்கே?" என்று கேட்கிறவர்களுக்கு அகப்பட்டதை ஸ்கான் பண்ணி அனுப்புகிறேன். அடியில் விபத்து றோல்களும் கிடக்கின்றன. எரிக்கச் சொன்னவர்கள் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் போன்ற எண்ணிம ஆவணகங்கள் எங்கள் பத்திரிகைகளையும் படங்களையும் பாதுகாக்கிற காலத்தில், எரிக்க மனம் வரவில்லை. அப்படியே தூக்கிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. மூடியிருந்த வேட்டியை முதலில் விலக்கியபோது சொந்தக்காரர் பலரைக் கேட்கவில்லை. இம்முறை கேட்பது என்று முடிவெடுத்து, தெரிந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்வருகிறேன்.

ஒரு வீட்டில் வேண்டாம் என்று கதவடியிலேயே சொல்லிவிட்டார்கள். இன்னொரு வீட்டில் மகன், "குடுங்கோ, ஆனா பேஸ்புக்கிலை வரக்கூடாது" என்றார். தாம்போதி விபத்தில் புருசனை இழந்த அம்மா ஒருவர் புங்குடுதீவில் தனியே இருக்கிறார். படத்தைத் தான் பார்க்கப்போவதில்லை என்றார். ஆனால் ஒன்று தெரியவேண்டுமாம். புருசன் அன்று புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு போனவராம், அது காலில் இருந்ததோ? நான் நெகட்டிவை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இருந்தது, இரண்டு காலிலும்.

"அப்ப குடுங்கோ" என்றார். "பேரை மட்டும் சரியா எழுதச் சொல்லுங்கோ. மரணச் சேட்டிபிக்கற்றிலை இனிசலைப் பிழையாப் போட்டிட்டாங்கள். எத்தினை தரம் கச்சேரிக்கு நடந்தும் மாத்தேல்லை."